நான்காவது கனி

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்கால் வீதிகளில் பிட்சாடனர் பவனி வருகையில், மாடிகளில் நிற்போர் வீசும் மாங்கனிகளை, மகப்பேறு வேண்டி வந்த பெண்கள் முந்தானை விரித்து ஏந்துவதைப் பார்த்து மகிழ்கிற நாம், அக்கனிகளுக்குப் பின்னே ஒரு தம்பதியரின் முறிந்துபோன சம்பாஷணை இருப்பதை எண்ணுவதில்லை.

காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரின் கதை இவ்வூரில் அறியாதார் இல்லையாதலால், பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் ஒரு கட்டத்தில் மட்டும் சற்றே நிற்போம். கடையிலிருந்து வந்த கனிகள் இரண்டில் ஒன்று அடியாருக்குப் போயிற்று. மற்றொன்றைக் கணவன் பரமதத்தன் உண்டான். மூன்றாவது, முன்னதற்கில்லாத சுவையோடு இலைக்கு வரவே, எங்கே பெற்றாய் என்று கேட்டான். சரக்கின் பிறப்பிடத்தை விசாரிக்கும் வணிகனின் கேள்வி அது. புனிதவதியாரோ, கணவனிடம் மறைத்தல் தகாதெனத் துணிந்து, அது ஈசன் அருளால் வந்ததென்று தம் அந்தரங்கத்தையே திறந்துவைத்தார். அவன் என்ன செய்தான்? அப்படியானால் இன்னொன்று வரவழை என்றான். சம்பாஷணை அக்கணமே பரீட்சையாயிற்று. நான்காவது கனி வந்தது. அவன் கைக்குப் போனதும் மறைந்தது. அஞ்சியவன், அச்சத்தை அவளிடம் சொல்லாமலே கப்பலேறினான். பல காலத்துக்குப் பின் கண்டபோது, தெய்வமென்று காலில் விழுந்தான். வணங்குவதும் சமமாக அமர்ந்து பேசாதிருக்க ஓர் உபாயமே!

1923-ல் வெளிவந்த 'நானும் நீயும்' என்ற நூலில் யூத தத்துவஞானி மார்ட்டின் பூபர், எதிரிலிருப்பவரை ஒரு பொருளாகக் கொள்ளும் உறவுக்கும், 'நீ' என்று முழுமனத்தோடு விளிக்கும் உறவுக்கும் பேதம் வகுத்தார். பின்னர் அம்மையார் கயிலை சென்றபோது நிகழ்ந்தது பிந்தியது: ஈசனின் 'அம்மையே' என்ற விளிக்கு 'அப்பா' என்பதே அவர் மறுமொழி, அங்கே ஒரு தகவலும் கைமாறவில்லை.

பிரான்சிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் வாழும் இவ்வூர் வீடுகளில், இரவுதோறும் கைப்பேசித் திரையில் முகம் தோன்றுகிறது, 'சாப்பிட்டாச்சா? அங்கே மழையா? பணம் வந்துதா?' என்பதோடு முடிகிறது. அதிலும் பாசம் உண்டென்பர் சிலர், இருக்கட்டும். ஆனால், 'ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?' என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமை எங்கே போயிற்று என்பதே என் கவலை.

சென்ற உற்சவத்தில், வலக்கையில் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தவாறே இடக்கையால் முந்தானையை விரித்திருந்தாள் ஒரு பெண். கனி அவள் தோளில் பட்டுத் தெறித்து, பக்கத்திலிருந்த கிழவியின் மடியில் விழுந்தது. படம் மட்டும் நன்றாக வந்திருக்கும்.