பத்துச் சுற்று ஓடினால் போதுமா?



உங்கள் பிள்ளை பள்ளிக் கால்பந்து அணியில் இடம் பெற்றிருக்கிறானா? எத்தனை கோல் போட்டான் என்று ஆவலுடன் விசாரிக்கும் நீங்கள், ஆட்டத்திற்கு முன் அவனுக்கு என்ன பயிற்சி அளிக்கிறார்கள் என்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நிலை எளாவூரில் ஏற்பட்டது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து வடக்கே சென்றால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்பாக வரும் ஊர் எளாவூர். சோதனைச் சாவடியும் லாரிகளின் வரிசையுமாக நீங்கள் பார்த்திருக்கக் கூடும். என் தங்கை குடும்பம் அங்கேதான் வசிக்கிறது. மச்சான் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகன் ஒன்பதாம் வகுப்பு, பந்தென்றால் உயிர். ஒரு மாலை, பந்தைத் தலையால் முட்ட உயரத் துள்ளியவன் ஒற்றைக் காலில் இறங்கினான். முழங்கால் உட்புறமாக மடங்கிற்று. யாரும் அவனை இடிக்கவில்லை, தள்ளவுமில்லை. மூட்டுக்குள் இருக்கும் குறுக்கு நார் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். “இனி இந்த வீட்டில் பந்து என்ற பேச்சே கூடாது” என்று மச்சான் கூறிவிட, பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனிடம் மெல்ல விசாரித்தேன். “மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவோம் மாமா. அப்புறம் மேட்ச்தான்” என்றான்.

பத்துச் சுற்று ஓடினால் மூச்சு வலுப்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் கால்பந்து என்பது ஒரே சீராக ஓடும் ஆட்டமா? பாய வேண்டும், சட்டென நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், துள்ள வேண்டும். துள்ளியவன் தரையில் இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இறக்கத்தை அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இதற்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர்கள் வேண்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியக் கால்பந்தை உச்சிக்குக் கொண்டு சென்றவர் ஒரு பள்ளி ஆசிரியர்! 1909ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்த மர்ஹூம் சையத் அப்துர் ரஹீம் அவர்கள்தாம் அவர். 1950 முதல் 1963இல் புற்றுநோயால் மறையும் வரை இந்திய அணியைப் பயிற்றுவித்தார். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தாவில் 1962 இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என வென்ற அணி அவர் உருவாக்கியதே. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் அந்த அணியின் தூண்களில் ஒருவர்.

ரஹீம் சாஹிப் கையாண்ட முறை எளிமையானது. பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று தனிப் போட்டிகளே நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடக் கூடாது என்ற விதியுடன் வேறு போட்டிகள். குறை எங்கே என்று கண்டு, அதைத் தனியே எடுத்துப் பழக்குவது! உடல் வலுவுக்கான பயிற்சியும் இதே வழியில் செல்வதுதான்.

உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, ‘11 பிளஸ்’ என்றொரு பயிற்சித் தொகுப்பை வகுத்துத் தந்திருக்கிறது. இருபது நிமிடமே ஆகும். இயந்திரம் ஏதும் தேவையில்லை. எட்டு நிமிடம் மெதுவோட்டம். அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியமானது. முழங்கைகளையும் கால்விரல் நுனிகளையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்தல், நம் பெரியவர்கள் எடுத்த பஸ்கி, துள்ளி மெத்தென இறங்குதல் ஆகியவை இதில் அடங்கும். நண்பன் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டபடி முன்னோக்கி மெல்லச் சாயும் பயிற்சியும் உண்டு. தொடையின் பின்தசைக்கு அது அருமருந்து. கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். துள்ளி இறங்கும்போது முழங்கால், பாதத்திற்கு நேராக நிற்க வேண்டும். உட்புறம் சாயக் கூடாது. ஆசிரியர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள சிறுமியரிடம் இதைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சகோதரிகளே, இதைக் கவனியுங்கள்: குறுக்கு நார் அறுவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். எனவே பெண்ணை ஆட அனுப்புகிறவர்கள் இப்பயிற்சியை விட்டுவிடலாகாது.

எடை தூக்கினால் பிள்ளை வளர மாட்டான் என்ற அச்சம் நம் வீடுகளில் உண்டு. மேற்பார்வையுடன், முறையறிந்து, சிறு எடையில் தொடங்கினால் வளர்ச்சி குன்றாது என்பதே மருத்துவர்களின் கருத்து. கெடுதி செய்வது அண்ணன்மாரைப் பார்த்து ஜிம்மில் பந்தயம் கட்டித் தூக்குவது. திடீரென உயரம் கூடும் வயதில், முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று அதட்டாதீர்கள். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. சில வாரம் ஓட்டத்தையும் துள்ளலையும் குறைக்க வேண்டும்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியின் சித்திரை வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரமாவது ஆகும். விடுமுறை முடிந்து வந்தவனை முதல் நாளே விரட்டக் கூடாது. நோன்புக் காலத்தில் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பின்னர் வைத்துக்கொள்ளும்படி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். 2021இல் இங்கிலாந்தில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதியபோது, இரு வீரர்கள் நோன்பு திறப்பதற்காக ஆட்டத்தையே சற்று நிறுத்தினார்கள். அங்கே நடந்தது இங்கே நடக்காதா என்ன?

எளாவூர்ப் பையனுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து ஒன்பது மாதமாகிறது. சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டுப் போயிருந்தேன். மொட்டை மாடியில் பாய் விரித்து மண்டியிட்டிருந்தான் அவன். பின்னால் குந்தி அமர்ந்து, அவன் கணுக்கால்கள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்த மச்சான். “எண்ணுங்கள், நான் எண்ணினால் இவன் ஏமாற்றுகிறேன் என்கிறான்” என்றார் என்னிடம்.