வானம் பார்க்கும் வேர்கள்

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் ஓதநீர் இறங்கிய நேரத்தில் வெண்கண்டல் மரத்தடியைப் பாருங்கள். பென்சில் தடிமனில் நூற்றுக்கணக்கான குச்சிகள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். புதிதாக முளைத்த கன்றுகள் என்றே தோன்றும். அத்தனையும் வேர்கள். கீழே இறங்கவேண்டிய வேர் ஏன் மேலே வருகிறது?

உப்புதான் இம்மரங்களுக்குப் பெரும்பகை என்று நினைக்கிறோம். அதைவிடக் கடுமையானது காற்றுத் தட்டுப்பாடு. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே நுண்ணுயிர்கள் அதைத் தீர்த்துவிடும். அதற்கும் அடியில், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைத்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதனால்தான். வேருக்கு அது நஞ்சு.

அதனால்தான் வேர் காற்றைத் தேடி மேலே வருகிறது. இப்படி நிமிரும் மூச்சுவேரின் மேல்தோலில் சிறு புள்ளிகள் இருக்கும். அவை காற்றுத் துளைகள். உள்ளே இடைவெளிகள் நிறைந்த திசு, சேற்றில் புதைந்த வேர்வரை காற்றைக் கொண்டுசெல்கிறது. ஓதம் ஏறி மூடும்போது துளைகளுக்குள் நீர் புகாது. உள்ளிருக்கும் ஆக்சிஜனை வேர் செலவிடுகிறது. உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்துபோகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்து துளைகள் வெளிப்பட்டதும் புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. தசையோ நுரையீரலோ இல்லாமல், கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே மூச்சுவிடும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நுனிவேரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் சேற்றிலும் கசிகிறது. அங்குள்ள இரும்பு துருவாகி, கருஞ்சேற்றுக்குள் வேரைச் சுற்றிச் செம்பழுப்பாகப் படிகிறது. சல்பைடின் கடுமையும் அவ்விடத்தில் தணிகிறது.

இனி உப்பு. அதன் பெரும்பகுதியை வெண்கண்டல் வேரிலேயே தடுத்துவிடும். தப்பி ஏறியதை இலைச் சுரப்பிகள் வெளியேற்றும். சதுப்பின் மேட்டில் வளரும் உமரிச் செடியோ உப்பை ஏற்றுத் தன் சதைப்பற்றில் சேர்த்துக்கொள்கிறது. உவர்மண்ணிலிருந்து நீரை இழுக்க அந்த உப்பே உதவுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஏறிய நீர் வடியவேண்டும். ஆங்கிலேயர் காலம் தொடங்கி பிச்சாவரத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில், வெயிலில் காய்ந்த மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதநீர் அங்கே தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பேறியது; கன்றுகள் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் அமைப்பில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து கன்று நட்டன. காடு மீண்டது.

அலையாத்திக் கன்று நடக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்த இடத்தில் நீர் வடிகிறதா என்று பாருங்கள்.