காயில் சுற்றுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சாப்பாட்டு மேசையில் மெல்லிய கம்பி உருளை, சிறிய திருப்புளி, கொஞ்சம் பஞ்சு. பார்க்கும் பெற்றோர், மகன் பழைய வானொலி எதையோ பழுது பார்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள். அவன் சுற்றிக் கொண்டிருப்பது வேப்புக்கான காயில்.

கடையில் தயாராக விற்கும் காயில் கொஞ்ச நாளில் கருகிவிடும். அடிக்கடி மாற்றக் காசு ஆகும். ஓர் உருளைக் கம்பி வாங்கினால் நீண்ட நாளுக்கு வரும் என்ற கணக்கில்தான் பலர் சொந்தமாகச் சுற்றத் தொடங்குகிறார்கள்.

சுற்றும் வேலை பெரிய வித்தை அல்ல. புதியவர்கள் பெரும்பாலும் எடுப்பது காந்தல் கம்பி. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். 26 கேஜ் கம்பியை 3 மில்லிமீட்டர் தண்டில் 6 சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் திருகாணியில் இறுக்கி, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். பஞ்சு வைப்பதற்கு முன் பொத்தானை விட்டு விட்டு அழுத்தினால், நடுவில் தொடங்கி ஓரத்துக்குச் சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முந்திச் சிவந்தால் சுற்று சரியில்லை. பஞ்சை நுழைத்த பின், திரவத்தில் நனைக்காமல் சூடாக்கினால் பஞ்சே தீய்ந்துவிடும். ஒரு மாலையில் இவ்வளவையும் கற்றுக் கொள்ளலாம்.

ஆபத்து கம்பியில் இல்லை, மின்கலத்தில் இருக்கிறது.

ஐந்தாம் படிவ இயற்பியலில் படித்து மறந்த ஓமின் விதி இங்கே திரும்பி வருகிறது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். மேலே சொன்ன காயிலின் தடை ஏறக்குறைய 0.8 ஓம். மின்கலத்தின் மேல் 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், முழுமையாக மின்னேற்றினால் அது 4.2 வோல்ட். கணக்கை இந்த எண்ணில்தான் போட வேண்டும். விடை 5.25 ஆம்பியர், பயமில்லை. அதே காயில் இரண்டை இணையாகப் பொருத்தினால் தடை பாதியாகும், மின்னோட்டம் 10.5 ஆம்பியராகும். அதிகப் புகைக்கு ஆசைப்பட்டுத் தடையை 0.2 ஓமுக்குக் குறைத்தால் 21 ஆம்பியர். 18650 வகை மின்கலங்களில் நல்லவை பலவும் தொடர்ந்து தாங்குவது 20 ஆம்பியர்தான். மலிவான மின்கலங்களின் உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பல வேளைகளில் சில விநாடி மட்டுமே தாங்கும் அளவு.

மின்னணுச் சுற்று உள்ள கருவி தடையை அளந்து, தவறு இருந்தால் இயங்க மறுக்கும். ‘மெக் மோட்’ எனப்படும் வெறும் உலோகக் குழாய்க்கு அந்த அறிவு கிடையாது. பொத்தானை அழுத்தினால் மின்கலத்தில் உள்ளதெல்லாம் நேராகக் கம்பிக்குப் போகும். 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் அத்தகைய கருவி வெடித்து, அதன் பாகம் தலையில் பாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பழையது கைமாறி வரும்போது புதியவர் கையில் முதலில் சிக்குவது இந்தக் குழாய்தான் என்பது வேதனை.

அதனால், கம்பி வாங்கும் முன்பே ஓம் அளக்கும் கருவி ஒன்றை வாங்குவது நல்லது. திருகாணி தளர்ந்தால் தடை மாறும். ஒருமுறை அளந்தது போதாது. மின்கலத்தின் நெகிழி உறை கிழிந்திருந்தால் பயன்படுத்தவே கூடாது. உள்ளிருக்கும் உலோக உடல் முழுதும் எதிர்முனை. சில்லறைக் காசும் சாவியும் கிடக்கும் சட்டைப்பையில் அதைப் போட்டுக் கொண்டு போவதும் அப்படித்தான்.

மலேசியாவில் 852ஆவது சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப் பொருள்களை விற்க முடியாது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வேப்பை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். உதிரிப் பாகங்களுக்கும் தடை உண்டு. ஜொகூர் பாலத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்கள், கருவியோடு சுற்றி வைத்த காயிலையும் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.