கேட்கப்படாத வினாக்கள்: கணினிப் பொதிகளின் உள்ளமைவும் இலங்கைத் தமிழும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அலுவலகக் கணினி தமிழ் எழுத்துகளைத் திரையிற் காட்டுகின்றது என்பதனால் மட்டும் அது இலங்கைத் தமிழருக்கு உரியதாகிவிடுவதில்லை. நாணயம் யாது, திகதியை எவ்வாறு எழுதுவது, செய்திகளை எம்மொழியிற் கூறுவது என்பனவற்றை வேறொரு பொதி தீர்மானிக்கின்றது. டெபியன் இயங்குதளத்தில் அதன் பெயர் 'லொகேல்ஸ்'. அதன் உள்ளமைவை நோக்குமிடத்து, ஒரு மென்பொருள் யாருடைய விருப்பத்தை இயல்பானதாகக் கொள்கின்றது என்பது புலப்படும்.

1993இல் இயான் மேர்டொக் தொடக்கிய டெபியனில் ஒரு பொதியை நிறுவுதல் இரு கட்டங்களைக் கொண்டது: கோப்புகளை விரித்தல், பின்னர் உள்ளமைத்தல். இரண்டாவதற்கு வேண்டிய வினாக்களை 'டெப்கொன்ப்' என்னும் அமைப்பு நிருவாகியிடம் கேட்கும். ஆனால் எல்லா வினாக்களையும் அது கேட்பதில்லை. இன்றியமையாதன, உயர்ந்தன, இடைத்தரத்தன, தாழ்ந்தன என வினாக்களுக்கு நான்கு படிநிலைகள் உள. வழமையான அமைப்பில் உயர்படிக்குக் கீழுள்ளவை கேட்கப்படாமலே இயல்பு விடையைப் பெற்றுவிடுகின்றன. அவ்விடையை எழுதியவர் பொதியைப் பராமரிப்பவர். கொழும்பின் தமிழரை அவர் அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. இயல்பு எனத் தோன்றுவது எவரோ ஒருவரின் தெரிவே. கருத்துநிலை பற்றி இலக்கிய ஆய்வில் நாம் கூறிவருவதும் இதுதான்.

மூடிய வினாக்களை மீளத் திறப்பது 'டிபிகேஜி-ரீகொன்பிகர்' என்னும் கட்டளை. நிருவாகி உரிமையுடன் இதனை ஆங்கில எழுத்தில் தட்டெழுதி, இடைவெளி விட்டு 'லொகேல்ஸ்' எனச் சேர்த்தால், தாழ்படி வினாக்களும் கேட்கப்படும். தோன்றும் நீண்ட பட்டியலில் தமிழுக்கு 'ரிஏ_ஐஎன்', 'ரிஏ_எல்கே' எனத் தனித்தனி வரிகள் உள. முன்னது இந்தியாவுக்குரியது, அதன் நாணயம் இந்திய ரூபா. பின்னது இலங்கைக்குரியது, இலங்கை ரூபாவைக் கொள்வது. மொழிபெயர்ப்புச் செய்திகளோ பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானவை: இலங்கைக்கெனத் தனி மொழிபெயர்ப்பு இல்லாதவிடத்து நிரல்கள் 'ரிஏ' என்னும் பொதுத் தமிழையே நாடும். மொழி ஒன்று, நாணயம் வேறு. பாக்குநீரிணையின் இரு கரைகளையும் பற்றிய இவ்வளவு தெளிவான கூற்றை எமது மேடைகளிற் கேட்பது அரிது.

பட்டியலில் 'எஸ்ஐ_எல்கே' என்னும் சிங்கள வரியையும் உடன் தெரியலாம். எத்தனை வரிகளையும் ஒரே கணினி தாங்கும். அடுத்த வினாவே சிக்கலானது. அவற்றுள் எது முழுக் கணினிக்குமுரிய இயல்பு மொழி என்று கேட்கப்படும். அதற்கு ஒரு விடையே உண்டு. 1956இன் தனிச்சிங்களச் சட்டமும், தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987இன் பதின்மூன்றாம் திருத்தமும் நினைவுக்கு வருகின்றன. 'உம்' விகுதியால் இடம்பெற்ற மொழி, பட்டியலில் இருக்கும், இயல்பாக இராது. எனினும் கணினியில் ஒவ்வொரு பயனரும் தமது கணக்கில் வேறு மொழியைத் தெரியலாம் என்ற வேறுபாடு உண்டு.

நிருவாகி உள்ளமைவுக் கோப்புகளிற் கையால் செய்த மாற்றங்களைப் பொதிகள் அழித்தலாகாது என்பது டெபியனின் கொள்கை விதி. ஆயின் பல கணினிகளை ஒருங்கே நிறுவுவோர் டெப்கொன்பை வினாவற்ற முறையில் இயக்குவதுண்டு. அப்போது எவ்வினாவும் எழாது. அத்தகைய கணினியில் 'லொகேல்' என்னும் கட்டளையை இட்டு, நாணயத்துக்குரிய வரியில் எந்நாடு உள்ளதெனப் பார்க்கலாம். திருத்திய பின் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலே மாற்றம் தெரியும்.