போட்டோவில் நம் முகம் நம் முகமாகத் தெரியட்டும்!



குழு ஆரம்பித்ததும் நாம் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று வங்கியில் கணக்குத் தொடங்குவது. அதற்கு ஊக்குநரும் பிரதிநிதிகளும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொடுக்கிறோம். நம்மில் பலர் கல்யாணத்துக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து போட்டோ எடுத்ததே அப்போதுதான். அப்புறம் கடன் மனு, பயிற்சி அட்டை, கண்காட்சி ஸ்டால், நாம் செய்யும் ஊறுகாய்ப் பாட்டில் லேபிள் என்று போட்டோ தேவை வந்துகொண்டே இருக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவர் கறவை மாட்டுக் கடனுக்காகப் போட்டோ எடுத்தார். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் அவர் முகத்தை வெள்ளையாக்கி, கன்னத்து மச்சத்தையும் அழித்துவிட்டார்கள். வங்கியில், "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டு, வேறு போட்டோ கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. அதைவிட, "என் நிஜ முகம் நல்லா இல்லைன்னுதானே மாத்தினாங்க?" என்று கூட்டத்தில் அவர் கேட்டது நம் எல்லோருக்கும் வலித்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்ன புடவை கட்டலாம்?

வழக்கமான பாஸ்போர்ட் சைஸ் படம் 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். அதில் தெரிவது முகமும் தோளும்தான். ஆகவே விலை உயர்ந்த புடவை தேவையில்லை. முகத்துக்குப் பக்கத்தில் என்ன கலர் வருகிறது என்பதுதான் முக்கியம்.

பின்னால் வெள்ளைத் திரை இருந்தால் வெள்ளை, சந்தனக் கலர் வேண்டாம். புடவையும் திரையும் ஒன்றாகிவிடும். நீலத் திரை என்றால் நீலப் புடவை வேண்டாம். அரக்கு, கரும்பச்சை, கத்தரிப்பூ, மயில்கழுத்து போன்ற கலர்கள் நம் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

"பட்டுப் புடவை கட்டினா நல்லா இருக்குமே?" என்று கேட்பீர்கள். பளபளக்கும் பட்டும் ஜரிகையும் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பார்ப்பவர் கண் முகத்தை விட்டு ஜரிகைக்குப் போய்விடும். பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட புடவையும் டிஜிட்டல் கேமராவில் அலை அலையாகத் தெரியலாம். அயர்ன் செய்த சாதாரணப் பருத்திப் புடவை போதும். முந்தானையை மடித்துத் தோளில் ஊக்கு குத்திக்கொள்ளுங்கள்.

முகத்துக்கு என்ன செய்யலாம்?

நாம் செய்யும் பெரிய தப்பு பவுடர்தான். கண்ணாடியில் பார்க்கும்போது சரியாக இருக்கும். பிளாஷ் பட்டதும் முகம் சாம்பல் பூத்து, கழுத்து மட்டும் கறுப்பாகத் தெரியும். எண்ணெய் வழியும் முகமும் நெற்றி, மூக்கு என்று திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

போட்டோ எடுக்கிற அன்று மஞ்சள் பூச வேண்டாம். முகம் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். பவுடர் போட்டே ஆக வேண்டும் என்றால் கொஞ்சமாக எடுத்து, கழுத்துக்கும் சேர்த்துப் பூசி, அதிகமாக இருப்பதைத் துடைத்துவிடுங்கள். வெடித்த உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவலாம். கண் மை மெல்லிசாக இருக்கட்டும். பஸ்ஸில் வேர்த்து வந்திருந்தால் ஸ்டுடியோவில் ஐந்து நிமிஷம் பேன் கீழே உட்கார்ந்துவிட்டு எடுங்கள்.

நகை, பொட்டு, தலைமுடி

தினமும் போடுகிற தோடு, மூக்குத்தி போதும். கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு மின்னும். சாதாரணப் பொட்டே நல்லது. தலைக்கு எண்ணெயை முதல் நாள் ராத்திரியே வைத்துவிடுங்கள். நெற்றியும் கண்ணும் முடி மறைக்காமல் தெரிய வேண்டும். கண்ணாடி போடுபவர்கள், அந்த அலுவலகத்தில் கண்ணாடியோடு எடுக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரை இழந்த சகோதரிகள் சிலர், "நான் கலர் புடவை கட்டலாமா, பொட்டு வைக்கலாமா?" என்று தயங்குகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். உங்களுக்குப் பிடித்திருந்தால் அதுவே போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஸ்டுடியோவில் கூச்சம் வேண்டாம்

காசு கொடுப்பது நாம்தான். "அண்ணே, நிறத்தை மாத்தாதீங்க, மச்சம், தழும்பு எதையும் அழிக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரிண்ட் போடும் முன் கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லுங்கள். கண் மூடியிருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஆதாருக்கு மட்டும் மையத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். அதற்கு ஸ்டுடியோவுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

லேபிளுக்கும் ஸ்டாலுக்கும் எடுக்கும் போட்டோவில் கொஞ்சம் சிரியுங்கள். வேலை செய்யும்போது கட்டுகிற ஏப்ரனோடு, ஊறுகாய் ஜாடியைக் கையில் வைத்து நில்லுங்கள். வாங்குபவர்களுக்கு, "இதைச் செய்தது இந்த அம்மாதான்" என்ற நம்பிக்கை வரும்.

மாட்டுக்கடன் கேட்ட அந்தச் சகோதரி மறுபடி போட்டோ எடுத்தார். அரக்குப் புடவை, பவுடர் இல்லாத முகம், கன்னத்தில் அதே மச்சம். கடனும் கிடைத்தது. அதில் ஒரு காப்பியைப் பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வயலில் வெயில் பட்டுக் கறுத்த முகம் நம் உழைப்பின் அடையாளம். அதை மறைக்க வேண்டாம் சகோதரிகளே!