ஆற்றங்கரைக்கு ஒரு குரல்

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்கு உள்ளேயே நிற்கிறது. வெள்ளம் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். "கோயில் முங்கிட்டாம்லா?" என்று கேட்கிற நெல்லைக்காரர், சிந்துபூந்துறையிலோ மீனாட்சிபுரத்திலோ இருக்கும் தன் வீட்டுச் சாமான்களை எப்போது மாடிக்கு ஏற்றுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு திறந்துவிட்டார்கள், அது எந்நேரம் நம் படித்துறைக்கு வந்து சேரும் என்பதைத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

முன்பு அதைச் சொல்லத் தண்டோரா போடுகிறவர் வந்தார். பிறகு வானொலி வந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் நம் பக்கத்து வீடுகளில் திருச்சியும் இலங்கையும்தான் ஒலித்தன. நெல்லை நிலையம் வந்த பிறகும் சினிமாப் பாட்டுக்கு இலங்கைதான். ஆனால் வயல், விதை, மழை என்று வந்தால் ஆட்கள் 1197 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பினார்கள். பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழகமே அறிந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், 1970களின் பிற்பகுதியில் இந்த நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிகளைக் கவனித்தவர். பெட்டி வாங்க முடியாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அலுவலக வாசலில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் அதன் கீழே பீடியும் வெற்றிலையுமாகப் பெரியவர்கள். வேலை முடிந்து வருகிற பெண்கள் தலைச்சுமையோடு ஒரு நிமிடம் நின்று கேட்டுப் போவார்கள்.

1992 நவம்பரில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது கைபேசி கிடையாது. தெருவுக்கு ஒன்றிரண்டு தொலைபேசி. ஆனால் ட்ரான்சிஸ்டர் இல்லாத தெரு இல்லை. இரண்டு பேட்டரிக் கட்டை போட்டால் கரண்ட் போனாலும் பாடும். கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்ப்போம். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டியே வெகுதூரம் போகும் என்பதால், பாளையங்கோட்டையில் பேசுவது மலையடிவாரத்து வீட்டிலும் கேட்டது. அன்றைய வானொலி குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. அது அரசாங்கத்தின் குரல். நம் தெருவின் பெயர் அதில் வருவது அபூர்வம். ஆனால் பேசுகிறவரின் குரல் தினமும் கேட்டுப் பழகிய குரல். அவர் சொன்னால் நம்பினார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் டிவி வீட்டுக்கு வீடு வந்தது, தனியார் எஃப்எம் வந்தது, பிறகு எல்லாமே கைபேசிக்குள் போனது. பஞ்சாயத்துக் கம்பத்தில் தெருவிளக்கு மட்டும் மிஞ்சியது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியது ஒரு நாளில் கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத் தண்டவாளம் மூழ்கியது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர். ஏரல், ஆத்தூர் பக்கம் ஊர்கள் தீவாகின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிப்பேர் 19ஆம் தேதிவரை அங்கேயே கிடந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள்.

அந்த நாட்களில் வெளியூரில் இருந்த ஒவ்வொருவரும் ஒரே எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தோம். மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் டவர்களின் பேட்டரி தீரும். டவர் படுத்தால் கையில் இருக்கும் போன் டார்ச் லைட்டுக்குத்தான் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன்புதான், அக்டோபரில், தமிழகமெங்கும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறிப் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடந்திருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அலறலும் டவர் வழியாகத்தான் வர வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு கைபேசி நிறுவனங்களுக்கு, போனில் எஃப்எம் ரேடியோ வசதியை எடுத்துவிடாதீர்கள் என்று அறிவுறுத்தியிருந்தது. அந்த வசதி இருந்தாலும், ஏரியலாக வேலை செய்ய ஒயர் ஹெட்போன் வேண்டும். இப்போது எத்தனை வீட்டில் அது இருக்கிறது?

சென்னையிலிருந்து டிவி "தாமிரபரணியில் வெள்ளப்பெருக்கு" என்கிறது. ஏரல்காரருக்கு அது எதற்கு? சீவலப்பேரியில் சிற்றாறு எவ்வளவு கொண்டுவந்து சேர்க்கிறது, மருதூர் அணைக்கட்டைத் தாண்டிவிட்டதா, எந்தப் பாலத்தில் ஏறலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு பொங்குகிறார்கள், பிரசவ வலி வந்த பெண்ணை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் — இதுதான் அவருக்கு வேண்டியது. பாபநாசத்தில் திறந்த தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் வந்து சேர மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் பேசிவிடலாம். பேச ஒரு சிறு நிலையம் வேண்டும்.

இது கனவு அல்ல. 1995இல் 'வான் அலைகள் பொதுச்சொத்து' என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் உண்டு. நூறு வாட், முப்பது மீட்டர் கோபுரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டம். சுனாமி அடித்துப்போட்ட நாகப்பட்டினம் மாவட்டத்தில் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி எழுந்தது. பாம்பனில் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காக 2016 முதல் பேசுகிறது. காற்றும் அலையும் அங்கே அன்றாடப் பேச்சு. வயநாட்டில் ரேடியோ மாற்றொலி, பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சி நடத்துகிற நிலையம், 2018 பெருவெள்ளத்தில் ஊர் ஊராகச் செய்தி சொன்னது. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு கொரியரும் வியட்நாமியரும் தங்கள் மொழியில் தொடங்கிய சிறு ஒலிபரப்புகள் பின்னர் ஒரு நிரந்தர நிலையமாகவே நிலைத்தன. அங்கே பேரிடர் வந்தால் நகராட்சி தற்காலிக வானொலி கேட்கலாம். தொலைபேசியிலேயே அனுமதி கிடைக்கும், காகித வேலை பிறகு. 2011 சுனாமியில் இப்படி எத்தனையோ ஊர்கள் பேசின.

நம் சட்டத்தில் சமூக வானொலிக்குச் சொந்தச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆனால் வானிலை, இயற்கைச் சீற்றம், குடிநீர், மின்சாரம் பற்றி நிர்வாகம் தரும் அறிவிப்புகளைச் சொல்லலாம். வெள்ளக்காலத்துக்கு அதுவே பெரும்பாலும் போதும். பெரிய தடை பணம். மணிக்குச் சில நிமிட விளம்பரத்தில் சம்பளமும் மின்கட்டணமும் கட்ட வேண்டும். அதனால்தான் பல நிலையங்கள் கல்லூரி வாசலுக்குள்ளேயே இருக்கின்றன. விடுமுறை விட்டால் குரல் இளைத்துவிடுகிறது.

வெள்ளம் வந்த பிறகு நிலையம் திறந்தால் யாரும் திருப்ப மாட்டார்கள். வாழை விலை, கோயில் கொடை, முதியோர் பென்ஷன் எந்தத் தேதி என்றெல்லாம் வருஷம் முழுக்கச் சொன்ன குரல்தான் "வீட்டை விட்டுக் கிளம்புங்க" என்றால் காதில் ஏறும். அம்பாசமுத்திரத்தில் ஒன்று, ஸ்ரீவைகுண்டத்தில் ஒன்று என்று இரண்டு நிலையங்களிலிருந்தாவது தொடங்கலாம். ஸ்ரீவைகுண்டத்தில் வைத்தால் ஆழ்வார்திருநகரியும் ஏரலும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். நீர்வளத்துறையின் ஆற்று அளவு நிலையத்தின் அறைக்கு நேராக வர வேண்டும். அதை வட்டார வழக்கில் சொல்லத் தெரிந்த, அந்த ஊரிலேயே தூங்குகிற இரண்டு பேர் வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை ரேஷன் கடை வழியாகக் கொடுத்துவிடலாம். கட்டடத்துக்கு இடம் பார்க்கும்போது, 2023 வெள்ளத்தின் கறை அந்த ஊர்ச் சுவர்களில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துவிட்டு, ஜெனரேட்டரை அதற்கும் மேலே வைக்க வேண்டும்.