காத்திருக்கும் நேரத்தில் கணினி என்ன செய்கிறது?

விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் மையச் செயலிக்கு, தொலைவிலுள்ள சர்வரிடமிருந்து விடை வந்து சேரப் பிடிக்கும் பத்தில் ஒரு விநாடி என்பது 30 கோடித் துடிப்புகள் அடங்கிய நெடுங்காலமாகும். இணையத்தோடும் தரவுத்தளத்தோடும் ஓயாது உரையாடும் நிரல்கள் தம் நேரத்தில் பெரும்பகுதியைக் கணக்கிடுவதில் அல்லாமல் இவ்வாறு காத்திருப்பதிலேயே கழிக்கின்றன. ஒரு வேலை விடைக்காக நிற்கும்போது மற்றொரு வேலையை நகர்த்தி அந்தக் காத்திருப்பைப் பயன்கொள்ளும் முறையே ஒத்திசைவற்ற நிரலாக்கம் எனப்படுகிறது. பைத்தான் மொழியில் இதற்கென அமைந்த நிரலகம், அதாவது பிறர் எடுத்தாளும்படி முன்னரே எழுதிவைக்கப்பட்ட நிரல்தொகுப்பு, 'ஏசிங்க்ஐஓ' ஆகும்.

ஒரே கணினி ஒரே சமயத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்க இயலுமா என்ற வினாவை டான் கெகல் 1999-இல் எழுப்பியபோது, இணைப்புக்கு ஓர் இழை என்பதே பரவலான வழக்கமாக இருந்தது. இழை என்பது இயக்குதளம் முறைவைத்து ஓட்டும் தனி நிரலோட்டம். ஒவ்வோர் இழைக்கும் தனி நினைவிடம் வேண்டும், ஓர் இழையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கும் செலவு உண்டு. எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்பதை இயக்குதளமே அறிவிக்கும் 'ஈபோல்' என்னும் வசதி 2002-இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்த பிறகு, ஒரே இழையில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிப்பது எளிதாயிற்று. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 'டூலிப்' என்ற பெயரில் தொடங்கிய பணி 2014-இல் பைத்தான் 3.4 பதிப்பில் ஏசிங்க்ஐஓவாக இடம்பெற்றது. 'ஏசிங்க்', 'அவெய்ட்' என்னும் சொற்கள் அடுத்த ஆண்டு 3.5 பதிப்பில் மொழியின் இலக்கணத்திலேயே சேர்ந்தன. பாதியில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் செயற்கூறு இவற்றுக்கு அடிப்படை. அதற்குக் 'கோரூட்டீன்' என்று மெல்வின் கான்வே பெயரிட்டது 1958-இல். புதியதாகத் தோன்றும் இந்த முறையின் வேர் அத்தனை பழையது.

ஏசிங்க் என்று குறித்து எழுதிய செயற்கூறை அழைத்தால் அது உடனே ஓடிவிடாது. ஓடுவதற்கு ஆயத்தமான கோரூட்டீன் ஒன்று கிடைக்கும், அவ்வளவே. அதை இயக்குவது நிகழ்வுச் சுழல், அதாவது எந்த வேலை தொடரத் தயாராக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அதற்கு இடமளிக்கும் முடிவிலா வளையம். அவெய்ட் என்ற சொல் வரும் இடத்தில், காக்க வேண்டியிருந்தால் செயற்கூறு தன் முறையை விட்டுக்கொடுக்கிறது. புதிதாகக் கற்போர் தடுமாறும் இடமும் இதுவே: ஒரு விநாடி காக்க வேண்டிய இரண்டு கோரூட்டீன்களை அடுத்தடுத்து அவெய்ட் செய்தால் மொத்தம் இரண்டு விநாடிதான் ஆகும், ஏனெனில் முதலாவது முடியும்வரை இரண்டாவது தொடங்கப்படவே இல்லை. இரண்டையும் 'கேதர்' வழியாகவோ, 2022-இல் 3.11 பதிப்போடு வந்த 'டாஸ்க்குரூப்' வழியாகவோ சேர்த்துத் தொடங்கினால் அந்த இரண்டு காத்திருப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு விநாடியில் முடியும். இந்த வேறுபாட்டை ஓட்டிப் பார்க்காமலே ஏசிங்க்ஐஓவால் பயனில்லை என்று முடிவுகட்டுவது அவசரத் தீர்ப்பு.

விட்டுக்கொடுத்தலையே நம்பிய ஏற்பாடு என்பதால், அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒலிவாங்கியைப் பிடித்தவர் இறங்க மறுத்தால் மேடையிலுள்ள மற்றவர்கள் பேச இயலாததுபோல, 'டைம்' கூறிலுள்ள சாதாரண 'ஸ்லீப்' கட்டளையை ஒரு கோரூட்டீன் அழைத்துவிட்டால் சுழல் முழுவதுமே உறைந்துபோகும். அவ்விடத்தில் ஏசிங்க்ஐஓவின் சொந்த ஸ்லீப்பையே அவெய்ட் செய்ய வேண்டும். ஒத்திசைவற்ற வடிவம் இல்லாத பழைய நிரலகங்களைத் தனி இழைக்கு அனுப்ப 3.9 பதிப்பு முதல் 'டு_த்ரெட்' உள்ளது. நீண்ட கணக்கீடுகளுக்கோ இந்த முறை சற்றும் உதவாது, ஏனெனில் அங்கே பங்கிட்டுக்கொள்ளக் காத்திருப்பே இல்லை. அவற்றைத் தனிச் செயல்முறைகளுக்குப் பிரித்தளிப்பதே முறை.

பழைய பாடங்கள் மற்றொரு தொல்லை. சுழலைக் கையால் உருவாக்கி, இயக்கி, மூடும் வழக்கத்தை 2018-இல் 3.7 பதிப்பு கொணர்ந்த 'ரன்' என்ற ஒற்றைக் கட்டளை பெருமளவு தேவையற்றதாக்கிவிட்டது. கோரூட்டீனைக் குறிக்கப் பயன்பட்ட தொடக்ககால அலங்கரிப்பி 3.11 பதிப்பில் நீக்கப்பட்டே விட்டது.

நாலைந்து இணைப்புகளோடு முடியும் சிறு நிரலுக்கு இழைகளே போதும். ஏசிங்க் செயற்கூறை அவெய்ட் செய்ய அதை அழைக்கும் செயற்கூறும் ஏசிங்க் ஆக வேண்டும் என்ற விதி நிரல் முழுதும் பரவும் சுமையாதலால், அதைத் தேவையின்றி ஏற்பது அறிவுடைமை ஆகாது. நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்க வேண்டியவர்கள் முதல் நிரலிலேயே ரன் கட்டளைக்கு 'டீபக்' என்ற தெரிவைக் கொடுத்துத் தொடங்குவது நல்லது. எந்த வேலையாவது 0.1 விநாடிக்கு மேல் சுழலைப் பிடித்துவைத்தால் அது எந்த வேலை என்பதை நிரலகமே எச்சரிக்கையாகப் பதிந்து காட்டிவிடும்.